தேயாத பிறேக்கும் எரியும் விளக்கும்

இராக்காலத்திற் சைக்கிளிற் செல்பவர், டைனமோவை ரயரின் மீது சாய்த்துவிட்ட மாத்திரத்தே மிதிப்பது சற்றுக் கடினமாகிவிடுவதை உணர்ந்திருப்பார். முன்விளக்கு எரிவதற்கு வேண்டிய சக்தி வேறெங்கிருந்தும் வருவதில்லை. மிதிப்பவரின் காலிலிருந்தே வருகின்றது. அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டால், டைனமோ பூட்டிய சைக்கிள் அஃதில்லாத சைக்கிளிலும் விரைவாக நின்றுவிடும். மின்சாரத்தைப் பிறப்பிக்கும் வேலையே சக்கரத்தைத் தடுக்கும் வேலையாகவும் அமைந்துவிடுகின்றது. இந்தச் சிறிய அனுபவத்தை நன்கு மனத்திற் பதித்துக்கொண்டவருக்கு, இன்று நம் நாட்டு வீதிகளிற் பெருந்தொகையாக ஓடும் ஹைபிரிட் மோட்டார் வண்டிகள் எவ்வாறு நிற்கின்றன என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. அவ்வண்டிகளின் பிறேக் ஏன் பல்லாண்டுகளாகியும் தேயாதிருக்கின்றது என்பதும், தேயாதிருப்பதனாலேயே அதற்கு நேரும் தீங்கு யாது என்பதும் அதனோடு சேர்ந்து விளங்கும்.

முதலிற் சாதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடும் மூட்டைமுடிச்சுக்களோடும் 1,600 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது. அந்த ஓட்டத்தில் அடங்கியுள்ள சக்தி, சாதாரண வெப்பநிலையிலுள்ள முக்கால் லீற்றர் நீரைக் கொதிக்க வைப்பதற்கு ஏறத்தாழப் போதுமானது. சாரதி பிறேக்கை மிதிக்கும்பொழுது, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறத்தும் இரண்டு உராய்வுக் கட்டைகள் இறுகப் பற்றுகின்றன. பாட் என்று கராஜ்களில் வழங்குவது இந்தக் கட்டைகளையே. உராய்வினால் ஓட்டம் வெப்பமாக மாறுகின்றது. வெப்பம் காற்றோடு போய்விடுகின்றது. ஒவ்வொரு சந்தியிலும், ஒவ்வொரு பாதசாரிக் கடவையிலும், பெற்றோல் எரித்துப் பெற்ற சக்தி இவ்வாறு வீணாவதோடு, பாட்டும் தட்டும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன.

இந்த வீணைக் குறைப்பதே ஹைபிரிட் வண்டியின் சூட்சுமம். டொயோட்டா நிறுவனம் 1997ஆம் ஆண்டு டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு விட்ட பிரியஸ் என்னும் வண்டியே பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் காராகும். அதில் ஒரு பெற்றோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஒருங்கே உள்ளன. மோட்டார் வண்டியைத் தள்ளும். வண்டி வேகங் குறையவேண்டிய வேளையில் அம்மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்பும். இது புத்தம் புதிய எண்ணம் என்று கருதவேண்டியதில்லை. ஐரோப்பாவின் மலைநாட்டு மின்சார இரயில்களில், இறங்கும் வண்டியின் மோட்டார்கள் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பியனுப்பி, ஏறும் வண்டிக்கு உதவும் முறை நெடுங்காலமாக உள்ளது. காருக்குள் அதனை அடக்கியதும், எவரும் உணராத வண்ணம் பிறேக் மிதியோடு இணைத்ததுமே புதுமை.

எவரும் உணராத வண்ணம் என்று சொல்லிவிட்டாலும், இந்த இணைப்பிலேதான் சிக்கலெல்லாம் அடங்கியிருக்கின்றது. பழைய வண்டியில் மிதியை அழுத்தினால், அந்த அழுத்தம் குழாயிலுள்ள பிறேக் ஒயில் வழியாக நேரே சக்கரத்திற்குச் செல்லும். 2003ஆம் ஆண்டின் இரண்டாந் தலைமுறைப் பிரியஸிலும், அதன் வழிவந்த பல வண்டிகளிலும், சாதாரண வேளைகளில் அவ்வாறு செல்வதில்லை. மிதி எவ்வளவு தூரம், எவ்வளவு வலுவாக அழுத்தப்பட்டது என்பதை உணரிகள் அளந்து ஒரு கணினிக்குச் சொல்கின்றன. மொத்தம் இவ்வளவு தடுப்பு வேண்டும் என்று கணினி கணக்கிடுகின்றது. அதில் எவ்வளவை மோட்டார் கொடுக்க இயலும், மீதி எவ்வளவைப் பாட்கள் கொடுக்கவேண்டும் என்று கணப்பொழுதிற் பங்கிடுகின்றது. சாரதியின் காலுக்குத் தென்படும் எதிர்ப்புக்கூட, உண்மையான பிறேக்கின் எதிர்ப்பன்று. பழைய மிதியைப் போலத் தோன்றும்படி ஒரு வில்லமைப்பினால் உண்டாக்கப்பட்டது.

பங்கீட்டின் விதிகள் எளியவை. மெல்ல மெல்ல வேகங் குறைக்கும்பொழுது பெரும் பங்கு மோட்டாரைச் சேரும். வண்டி நடைவேகத்தை அண்மிக்கும்பொழுது மோட்டாரின் தடுப்பு மெலிந்துவிடும். கடைசியில் வண்டியை நிறுத்தி வைப்பது பாட்களின் வேலை. திடீரென்று மாடு குறுக்கே வந்து, சாரதி முழுப் பலத்தோடு மிதித்தால், மோட்டாரின் ஆற்றல் அதற்குப் போதாது. நான்கு சக்கரத்துப் பிறேக்குகளும் உடனே பற்றவேண்டும். எனவே அன்றாட ஓட்டத்திற் பாட்களுக்கு வேலை மிகக் குறைவு. ஆபத்து வேளையிலோ முழு வேலையும் அவற்றுடையது. கொழும்பு போன்ற நகரத்து நெரிசலில் ஓடும் ஹைபிரிட் வண்டிகளில், ஒரு இலட்சம் கிலோமீற்றர் கடந்தும் முதற் பாட்களே மாற்றப்படாமல் இருப்பது அரிதன்று. வண்டி வாங்குவோர் இதனைப் பெரும் இலாபமாக எண்ணுவர். இலாபந்தான், ஐயமில்லை.

ஆயினும் தேய்மானம் ஒன்றே பிறேக்கின் வயதை அளப்பதன்று. நாள்தோறும் உழும் கலப்பையின் கொழு பளபளவென்றிருக்கும். மூலையிற் சாய்த்து வைத்த கொழு ஒரு மாரிக்குள் துருவேறிவிடும். பிறேக் தட்டும் இரும்பே. சாதாரண வண்டியில், இரவு பெய்த மழையால் தட்டின் மேற் படியும் மென்துருவை, காலையில் முதன் முதல் மிதிக்கும் பிறேக்கே சுரண்டி நீக்கிவிடும். ஹைபிரிட் வண்டியில் அந்த முதல் மிதியை மோட்டார் வாங்கிக்கொள்கின்றது. துரு நீங்குவதில்லை, அடுத்த மழையில் அதன்மேல் இன்னொரு படை ஏறுகின்றது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, காலி முதலிய கரையோரப் பகுதிகளின் உப்புக் காற்றிலும் ஈரலிப்பிலும் இஃது இன்னும் விரைவாக நிகழும். ஜேர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தார் ஐடி. 3 என்னும் தமது மின்சாரக் காருக்குப் பின்சக்கரங்களிற் பழைய முறையான மூடிய டிரம் பிறேக்கைத் தேர்ந்ததற்கு, அருகிப் பயன்படும் தட்டுத் துருப்பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். பழைமையானது என்று கைவிடப்பட்ட டிரம், மின்சார யுகத்தில் மீண்டு வந்த விந்தையை இதிற் காணலாம்.

துருவிலும் மறைவான கேடு ஒன்றுண்டு. பாட்களைத் தாங்கும் கலிப்பர் என்னும் பிடிகருவி, கிறீஸ் பூசிய இரண்டு ஊசிகளின் மேல் முன்னும் பின்னும் வழுக்கி அசையவேண்டும். பிஸ்டன் உட்பக்கப் பாட்டை அழுத்த, கலிப்பர் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பாட்டை அழுத்தும். இரண்டும் சமமாகப் பற்றும். பல மாதங்கள் வலுவான அசைவின்றி இருந்தால், கிறீஸ் உலர்ந்து, ஈரம் புகுந்து, ஊசி இறுகிவிடுகின்றது. அப்பொழுது ஒரு பாட் மட்டும் வேலை செய்யும். அல்லது மிதியை விட்ட பின்னரும் ஒரு பாட் தட்டோடு உரசிக்கொண்டேயிருக்கும். வெளிப் பாட் புதிதுபோல் இருக்க, உட்பாட் இரும்பு மட்டத்திற்குத் தேய்ந்திருப்பதை மெக்கானிக்குகள் கண்டிருப்பர். சக்கரத்தின் வெளியே நின்று கம்பிகளுக்கூடாக எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது வெளிப் பாட் மட்டுமே. "பாட் நிறைய இருக்கின்றது, இன்னும் இரண்டு வருடம் ஓடலாம்" என்று அவர் சொல்வதிற் பொய்யில்லை, பார்த்த பாட்டைப் பற்றி அவர் சொன்னது சரியே.

மூன்றாவது, பிறேக் ஒயில். ஒயில் என்று பெயர் பெற்றாலும் இஃது எண்ணெயன்று. காற்றிலுள்ள நீரை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடைய ஒரு திரவம். டொட் 3 என்னும் தரத்துப் புதுத் திரவத்தின் கொதிநிலை 205 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்கிலுங் குறைவான நீர் கலந்தவுடனேயே, அக்கொதிநிலை 140 பாகை வரைக்கும் இறங்கலாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும், பாட் தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் திரவம் நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். பழைய வண்டிகளிற் பாட் மாற்ற வந்த இடத்தில் திரவத்தையும் மாற்றும் வழக்கம் பலருக்கு இருந்தது. பாட் மாற்றும் தேவையே இல்லாத வண்டியில் அந்தத் தருணம் வாய்ப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றவேண்டிய திரவம், ஏழெட்டு ஆண்டுகள் அப்படியே கிடந்துவிடுகின்றது. 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரையில், உள்ளூரிலிருந்த ஹைபிரிட் வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றின் பிறேக் வரலாற்றை அறிந்த உரிமையாளர் சிலரே.

இவையெல்லாம் சமதரையில் வெளிப்படாமல் நெடுங்காலம் மறைந்திருக்கலாம். மலையில் இறங்கும்பொழுது மறைந்திருக்க இயலாது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வண்டி ஏறத்தாழ 1,400 மீற்றர் கீழே வருகின்றது. முன் சொன்ன 1,600 கிலோகிராம் வண்டி அவ்வளவு இறங்கும்பொழுது விடுபடும் சக்தி, மின்சாரக் கட்டணப் பத்திரத்தின் கணக்கிற் சொன்னால், ஆறு அலகு அளவினது. பிரியஸின் இரண்டாம், மூன்றாந் தலைமுறைகளிலுள்ள பற்றரியின் முழுக் கொள்ளளவோ 1.3 அலகே. அதிலும், பற்றரியின் ஆயுள் கெடாதிருக்கும் பொருட்டுக் கணினி பயன்படுத்த விடுவது ஏறத்தாழ அரை அலகு மாத்திரம். ரயரின் உருள்தடையும் காற்றின் தடையும் ஒரு பங்கை உண்டுவிடும் என்று விட்டுவிட்டாலும், மீதி பற்றரிக்கு மிகமிக அதிகம். குடத்தில் நீர் நிரம்பிய பின்னும் மழை பெய்துகொண்டேயிருந்தால் என்னாகும்? இறக்கத்தின் தொடக்கத்திலேயே பற்றரி நிரம்பிவிடும். அதன் பின்னர் மோட்டாரிடம் கொடுக்க இடமில்லை. கணினி ஓசைப்படாமல் தடுப்பு வேலையைப் பாட்களிடம் மாற்றிவிடும்.

சாரதியின் காலுக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தக் கணத்திலிருந்து, ஒரு வருடமாக வேலையற்றிருந்த துருவேறிய தட்டும், இறுகிய ஊசியும், நீர் கலந்த திரவமும் முழுச் சுமையையும் தாங்கவேண்டியுள்ளது. ஒரு பக்கப் பாட் மட்டும் பற்றினால், இரண்டு பாட் பகிரவேண்டிய வேலை ஒன்றின் மேல் விழுந்து, அது பெருஞ் சூடேறும். சூடு திரவத்திற்குப் பரவி அது கொதித்தால், குழாய்க்குள் நீராவிக் குமிழிகள் தோன்றும். திரவம் நசுங்காது; குமிழி நசுங்கும். அவ்வாறான நிலையில் மிதி ஆழத்திற்குப் போகும், வண்டி நிற்காது. இறக்கத்தில் எரிந்த மணம் மூக்கிற்குப் பட்டதும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஒதுக்கி, அரைமணி நேரமேனும் ஆறவிடுவதற்குரிய காரணம் இதுவே. சூடேறிய சக்கரத்தின் மேல் நீர் ஊற்றுதல் தகாது, தட்டு கோணிவிடக்கூடும்.

இதற்கென்றே பல ஹைபிரிட் வண்டிகளின் கியர் நெம்பில் 'பி' என்றொரு நிலை அமைக்கப்பட்டுள்ளது. அந்நிலையில் எஞ்சின் பெற்றோல் எரிக்காமல் வெறுமனே சுழற்றப்பட்டு, மிகுதிச் சக்தியைக் காற்றை அழுத்துவதிற் செலவிடும். எஞ்சின் இரைவதைக் கேட்டு, வண்டி பழுதாகிவிட்டதென்று அஞ்சி, மீண்டும் வழமையான நிலைக்கு மாற்றிக்கொள்ளும் சாரதிகள் உளர். நெடிய இறக்கத்தில் அந்த இரைச்சல் நல்லதே. சமதரையில் 'பி' நிலையில் ஓட்டினாற் பற்றரிக்குக் கூடிய மின்சாரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது; அது பிழை. அங்கே பயன் எதுவுமில்லை, எரிபொருள்தான் வீணாகும்.

இனி விளக்குகளைக் கவனிப்போம். முன்பலகையில் எதுவும் எரியவில்லை. ஆகவே பிறேக் நலமாக உள்ளது என்று முடிவு செய்வதே பெரும்பாலோர் வழக்கம். ஒவ்வொரு விளக்கும் தன் உணரிக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். மேலே கூறிய மூன்று கேடுகளையும், அஃதாவது துருவேறிய தட்டு, இறுகிய ஊசி, நீர் கலந்த திரவம் ஆகியவற்றை, அறியும் உணரி சாதாரண வண்டிகளில் இல்லை. பாட் தேய்ந்ததையே நேராக அறிவிக்கும் விளக்குக்கூட ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் உண்டு. நம் நாட்டில் ஓடும் யப்பானிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இல்லை. அவற்றில் அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு தகரத் துண்டு. பாட் குறித்த மட்டத்திற்குத் தேய்ந்ததும், அத்துண்டு தட்டோடு உரசிக் கீச்சென்று ஒலி எழுப்பும். கண்ணாடியை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டுச் செல்பவரின் காதில் அது விழாமற் போகலாம். மேலும், எல்லாப் பாட்களிலும் அது பொருத்தப்படுவதில்லை. துண்டு உள்ள பாட் புதிதாகவே இருக்க, இல்லாத பாட் தேய்ந்து தீர்ந்தால் ஒலியும் எழாது.

சிவப்பு விளக்கு: வட்டத்திற்குள் வியப்புக்குறி. கைப் பிறேக் விடப்படாதிருந்தால் இவ்விளக்கு எரியும்; இதனைப் பலரும் அறிவர். கைப் பிறேக்கை விட்ட பின்னரும் எரிந்தால், திரவக் கலத்தின் மட்டம் இறங்கியிருக்கலாம், அல்லது திரவத்திற்கு அழுத்தங் கொடுக்கும் பம்பு தன் வேலையைச் செய்யாதிருக்கலாம். ஒலியோடு சேர்ந்து எரிந்தால், உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதே அதன் பொருள். அவ்விடத்திலிருந்து வண்டியை ஓட்டிச் செல்லாமல், ஏற்றிச் செல்லுதலே முறை.

இந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி இன்னொன்று உண்டு. அது சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. பாட் தேயத் தேய, பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே வந்து, அது விட்ட இடத்தைத் திரவம் நிரப்பும். ஆகவே கலத்தின் மட்டம் தாழும். ஒரு நாள், மேட்டில் ஏறும்போதோ வளைவில் திரும்பும்போதோ, திரவம் ஒரு பக்கம் சாய்ந்து விளக்கு கணநேரம் மின்னி மறையும். பாட் தேய்ந்துவிட்டது என்று அந்த விளக்கு மறைமுகமாகச் சொல்லும் செய்தி அது. உரிமையாளர் என்ன செய்கின்றார்? கடையில் ஒரு போத்தல் பிறேக் ஒயில் வாங்கி, மேற்கோடு வரை ஊற்றிவிடுகின்றார். விளக்கு அணைந்துவிடுகின்றது; மனமும் ஆறிவிடுகின்றது. பாட் இருந்தபடியே இருக்கின்றது. அதை அறிவிக்க இருந்த ஒரே விளக்கும் வாயடைக்கப்பட்டுவிட்டது. பின்பு புதிய பாட் பூட்டுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்பொழுது, ஊற்றிய திரவம் கலத்தை மீறி வழிந்து, எஞ்சின் அறையின் வர்ணத்தை அரித்துவிடுகின்றது. மட்டம் தாழ்ந்தால், ஊற்றுவதற்கு முன்னர் நான்கு சக்கரத்துப் பாட்களையும் பார்க்கவேண்டும். பாட்கள் தேயாமல் மட்டம் மட்டும் தாழ்ந்திருந்தால், எங்கோ கசிவு இருக்கின்றது. அது இன்னும் பாரதூரமானது.

மஞ்சள் விளக்கு: அதே வட்டமும் வியப்புக்குறியும் மஞ்சள் நிறத்தில் எரிந்தால், மின்னணுக் கட்டுப்பாட்டிலோ மோட்டார்த் தடுப்பிலோ கோளாறு என்று பொருள். இதனோடு ஏ.பி.எஸ். எழுத்துக்களும், வழுக்கும் காரின் படமும் சேர்ந்து எரிவது வழக்கம். விளக்குகள் கூட்டமாக எரிவதைக் கண்டு, வண்டி முழுவதுமே கெட்டுவிட்டதென்று கலங்குவோர் பலர். ஒரு சக்கரத்து வேக உணரியின் கம்பி அறுந்தாலும் இக்கூட்டம் முழுவதும் எரியலாம். வண்டிக்குள் உள்ள 12 வோற்றுச் சிறு பற்றரி வலுக்குன்றினாலும் எரியலாம். பிறேக்கின் கணினியும் பம்பும் இயங்குவது இந்தச் சிறு பற்றரியின் மின்சாரத்தில் என்பதை அறியாமல், விலையுயர்ந்த பாகங்களை மாற்றிப் பணத்தை இழந்தவர்களும் உளர். வோற்று அளவைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அது முதலிற் செய்யவேண்டியது.

மின்சாரம் அடியோடு நின்றுவிட்டால் வண்டி நிற்குமா? நிற்கும், ஆனால் வேறு விதமாக. இரண்டாந் தலைமுறைப் பிரியஸிற் கட்டுப்பாடு செயலிழந்தால் சில வால்வுகள் தாமாகத் திறந்து, மிதியின் அழுத்தம் நேரே முன்சக்கரங்களுக்குச் செல்லும். அதற்கு முன்பே, மின்சாரம் தடைப்பட்டாலும் சில முறை பிறேக் பிடிப்பதற்கு, மின்னைச் சேமித்து வைக்கும் கொள்ளளவிகள் கொண்ட தனிப்பெட்டி ஒன்றும் அதிலுண்டு. முன்சக்கரங்கள் மட்டும் பற்றும் அந்நிலையில், மிதியை வழமையிலும் ஆழமாகவும் மிக்க பலத்தோடும் அழுத்தவேண்டும். மிதி இறுகிவிட்டது, பிறேக் இல்லை என்று எண்ணிக் காலை எடுத்துவிடுவதே அவ்வேளையிற் செய்யக்கூடிய பெரும் பிழை.

இத்தகைய பொறிகள் பிழைபடாதவை என்று கொள்வதும் கூடாது. 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில், டொயோட்டா நிறுவனம் புதிய பிரியஸ் உட்பட ஏறத்தாழ 437,000 ஹைபிரிட் வண்டிகளை உலகெங்குமிருந்து திருத்தத்திற்கு அழைத்தது. மேடுபள்ளமான அல்லது வழுக்கும் வீதியில் மெல்லப் பிறேக் பிடிக்கும்பொழுது, மோட்டார்த் தடுப்பிலிருந்து உராய்வுத் தடுப்புக்கு வேலை கைமாறும் கணத்தில், தடுப்புச் சற்றுத் தளர்வதுபோல் இருந்ததென்பது முறைப்பாடு. திருத்தப்பட்டது கணினியின் நிரல் மாத்திரம்; இரும்புப் பாகம் எதுவும் மாற்றப்படவில்லை. மூன்றாண்டு கழித்து, 2013 ஜூனில், ஏறத்தாழ 242,000 வண்டிகள் வேறொரு காரணத்திற்காக அழைக்கப்பட்டன. திரவத்தை அழுத்தத்தோடு சேமித்து வைக்கும் கலத்தில் வெடிப்பு ஏற்பட்டு, அதிலுள்ள நைதரசன் வாயு திரவத்திற் கலந்து, மிதி ஆழமாகப் போகக்கூடும் என்று கண்டறியப்பட்டது. யப்பானிலிருந்து பழைய வண்டியாக இங்கு வந்திறங்கிய ஒன்று, இத்திருத்தங்களைப் பெற்றதா என்பதை அதன் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு அறியலாம்.

யப்பானிலிருந்து வந்தவை என்பதனால் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. விளக்கோடு சேர்ந்து திரையில் தோன்றும் செய்தி யப்பானிய எழுத்தில் இருக்கின்றது; வண்டியோடு வந்த கைநூலும் அவ்வாறே. வண்டி எச்சரித்துக்கொண்டிருக்க, ஓட்டுபவர் அதனைப் படிக்க இயலாது அமர்ந்திருக்கும் அவலம் நம் நாட்டு வீதிகளில் நாள்தோறும் நிகழ்கின்றது. செய்தி தோன்றியவுடன், வண்டியை நிறுத்திவிட்டு, திரையைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்தல் நல்ல பழக்கம். சில செய்திகள் வண்டியை அணைத்து மீண்டும் இயக்கியதும் மறைந்துவிடும். கணினியோ அதனை மறப்பதில்லை. ஸ்கானர் என்னும் கருவியைப் பூட்டினால், பிழையின் இலக்கத்தை அது காட்டும்.

காதுக்கும் இங்கு வேலை உண்டு. டொயோட்டா ஹைபிரிட் பலவற்றில் சாரதியின் கதவைத் திறந்தவுடன், மெல்லிய முனகல் ஒன்று சில விநாடி கேட்கும். பிறேக் பம்பு அழுத்தத்தைச் சேமிக்கும் ஒலி அது, குற்றமில்லை. மிதியைத் தொடாமல் நிற்கும்பொழுதும் அந்த முனகல் ஓயாது திரும்பத் திரும்ப எழுந்தால், சேமித்த அழுத்தம் உள்ளுக்குள் எங்கோ கசிகின்றது. விளக்கு எரிவதற்குப் பல வாரங்கள் முன்னரே காது இதனை அறிந்துவிடக்கூடும். நெடுந்தூரம் ஓடி இறங்கியதும், கையைச் சக்கரத்தில் வையாமல், சற்று அருகே பிடித்துப் பார்த்தாலும் ஒரு செய்தி கிடைக்கும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றிலும் மிக அனல் வீசினால், அங்கே பாட் விடாமல் உரசிக்கொண்டிருக்கின்றது.

ஆகவே ஹைபிரிட் வண்டியின் பிறேக்கை, தேய்மானத்தைக் கணக்கிடாமல், காலத்தைக் கணக்கிட்டே திறந்து பார்க்கவேண்டியுள்ளது. ஆண்டுக்கொரு முறை, கரையோரத்திலாயின் ஆறு மாதத்திற்கொரு முறை, நான்கு சக்கரங்களையும் கழற்றி, ஊசிகளை வெளியே எடுத்துத் துடைத்து, அதற்குரிய கிறீஸ் பூசி, உட்பாட் வெளிப்பாட் இரண்டையும் அளந்து பார்த்தல் தக்கது. புதிய பாட்டின் உராய்வுப் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம். இடையிடையே, பின்னால் வண்டி எதுவும் வராத வெறும் வீதியில், நான்கைந்து முறை சற்று வலுவாகப் பிறேக் பிடித்தால், தட்டின் மேற் படிந்த துரு நீங்கும்.

திறந்து பார்ப்பவரும் வண்டியின் இயல்பை அறிந்தவராக இருத்தல் வேண்டும். ஒருவர் மிதியை அமுக்க, மற்றொருவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் தளர்த்திக் காற்றெடுக்கும் பழைய முறை, இந்த வண்டிகளுக்கு அப்படியே பொருந்தாது. பம்பினுள்ளும் அழுத்தக் கலத்தினுள்ளும் உள்ள திரவம் அம்முறையில் வெளிவருவதில்லை. ஸ்கானரின் துணையோடு வால்வுகளைத் திறந்து மூடியே அதனை மாற்றவேண்டும். பாட் மாற்றும் வேலையிலோ ஆபத்து இன்னும் அண்மையில் இருக்கின்றது. கலிப்பர் கழற்றப்பட்டுத் தொங்கும் வேளையில், எவரேனும் ஏதோ எடுப்பதற்காகச் சாரதியின் கதவைத் திறந்தால், கணினி விழித்துப் பம்பை இயக்கும். தடுக்கத் தட்டு இல்லாத பிஸ்டன் வெளியே பாயும்; அதனிடையே மெக்கானிக்கின் விரலும் இருக்கலாம். இதனை அறிந்த கராஜில், வேலை தொடங்குமுன் வண்டியின் திறப்பைத் தூரத்தே எடுத்து வைத்து, சிறு பற்றரியின் கம்பியைக் கழற்றி, கணினி உறங்குவதற்குச் சில நிமிடம் காத்திருந்து, அதன் பின்னரே முதற் சுரையிற் கை வைப்பார்கள்.